மூன்றாவது டவுனில் கேட்ட 'வா'

கிளிப்பின் பெயர்: "இறுதி ஆட்டம், நான்காவது குவார்ட்டர், மூன்றாவது டவுன்." தேதிக் கட்டத்தில் மார்ச் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. அதன் கீழே குறிப்புக் கட்டத்தில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நான் தட்டி வைத்தது: "வெஸ் தவறான ரூட் ஓடினார். காரணம் தெரியவில்லை."

இந்த இரண்டு வாக்கியங்களில் இரண்டாவது சரி. முதலாவது பிழை. ஒருவருடைய பிழைப்பு அந்த முதல் வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீடியோ பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தக் கிளிப்பைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறேன். காட்டும்போது சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓரத்தில் நிற்கும் ஆள்

துபாயில் விளையாட்டு மைதானங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். சிசிடிவி டெக்னீஷியனாக வந்தவன். பிறகு பள்ளிகளுக்கும் கிளப்களுக்கும் ஆட்டங்களைப் படம்பிடித்துக் கொடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். கிரிக்கெட், கால்பந்து, ரக்பி எல்லாம் எடுத்துப் பழகியபின், ஓர் அக்டோபர் மாலை அமெரிக்கன் ஃபுட்பால் டூட்டி போட்டார்கள்.

அந்த ஆட்டத்தின் பெயர்தான் ஃபுட்பால். காலுக்கு அதில் வேலை குறைவு. இரு முனையும் கூரான பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிர் எல்லையைத் தாண்ட வேண்டும். பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். நடுவில் நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை எறிவார். கோட்டோரத்தில் தனியாக நிற்கும் வைட் ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். இஷ்டத்துக்கு ஓட முடியாது. முன்பே பேசி வைத்த தடத்தில் ஓட வேண்டும். அந்தத் தடத்துக்கு ரூட் என்று பெயர். ரிசீவர் எங்கே இருப்பார் என்று நம்பித்தான் பந்து முன்கூட்டியே கையை விட்டுப் போகிறது. அவர் அங்கே இல்லையென்றால் வெறும் புல்லில் விழும்.

முதல் நாள் மேன்லிஃப்டில், ஆளை உயரத் தூக்கி நிறுத்தும் வண்டியில், ஏறி நின்று, பழக்க தோஷத்தில், பந்து போன இடமெல்லாம் கேமராவைத் திருப்பினேன். பயிற்சி முடிந்ததும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நெடுநெடுவென்று ஒருவர் வந்தார். வெஸ் என்று சொல்லிக் கை கொடுத்தார். எடுத்ததைப் போட்டுக் காட்டச் சொன்னார். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

பிடிக்கும் இடத்தைக் காட்டினேன்.

"அது கடைசி அரை நொடிதான். என் வேலை எல்லாம் பந்து வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது. அதை எடுங்க. என் காலை எடுங்க."

மறு வாரம் ஃபிரேமை அகலமாக வைத்து, கோட்டோரத்தை விடாமல் எடுத்தேன். எங்கள் சூப்பர்வைசர் அன்சாரி பாய், கீழக்கரைக்காரர், கீழே மானிட்டரைப் பார்த்துவிட்டு வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்.

"ஏன்யா, பந்தை விட்டுட்டு ஓரத்துல நிக்கிற ஆள எடுத்துக்கிட்டு இருக்கே? கிளையன்ட் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"ஓரத்துல நிக்கிறவருதான் பாய் கிளையன்ட்."

"நல்லா வாய் பேசு."

வெஸ்ஸைப் பற்றி அவரே சொன்னதையும், அவர் கல்லூரியின் பழைய ஆட்டங்களை இணையத்தில் தேடி நான் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழகம். கல்லூரி ஆட்டம்தான், ஆனால் ஒரு பெரிய ஊரே உட்காரும் அளவுக்கு ஸ்டேடியம். அதில் நான்கு வருடம் ஆடினார். கடைசி இரண்டு வருடம் அவர் பெயர் போட்ட சட்டையை அணிந்துகொண்டு சின்னப் பிள்ளைகள் கேலரியில் நிற்பதைப் படத்தில் பார்க்கலாம். இரண்டு பேர் மேலே விழுந்து அமுக்க, ஒற்றைக் கையால் பந்தை வாங்கிக்கொண்டு எழுந்திருப்பார். அடுத்த கட்டம் தொழில்முறை அணி. அங்கே அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு அணிகள் பயிற்சிக்குக் கூப்பிட்டு, சீசன் தொடங்குவதற்குமுன் திருப்பி அனுப்பின. அதன்பின் துபாயில் ஒரு பள்ளிக்கு உடற்பயிற்சி ஆசிரியராக வந்தார். வார இறுதியில் எங்கள் மைதானத்தில் இந்த அமெச்சூர் கிளப்புக்கு ஆடினார்.

"கல்லூரியில இருந்தவரைக்கும் எனக்குத் தோக்கத் தெரியாது," என்று ஒரு தடவை சொன்னார். "அதுக்கப்புறம் அதை மட்டும்தான் கத்துக்கிட்டேன்."

அந்த வருடம் ஜனவரியில், அடுத்த கல்வியாண்டில் அந்த வேலை இல்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். விசா ஜூனோடு முடியும். ஐரோப்பாவில் சம்பளத்துக்கு ஆடும் அணிகள் சில உண்டு. ஓர் அணி ஓரிரு அமெரிக்கர்களைத்தான் சேர்த்துக்கொள்ளலாம். நான் எடுத்த கிளிப்களை வெஸ் அனுப்பிப் பார்த்தார். ஓர் அணியிலிருந்து பதில் வந்தது: ஆள் ஒருவர் துபாய் வழியாகப் போகிறார், இறுதி ஆட்டத்தை நேரில் பார்ப்பார்.

"அந்த ஆளு வேண்டாம்னா ஹலாஸ், எல்லாம் முடிஞ்சுது," என்றார் வெஸ். "ஊருக்குப் போய் அண்ணனோட டயர் கடையில உக்காந்துருவேன். அப்புறம் பந்தைத் தொடமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிக்கெட் பார்த்து வைத்திருந்தார்.

போ, வா

குவார்ட்டர்பேக் சேந்தன், யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு டொரன்டோவில் வளர்ந்த பையன். ஜெபல் அலியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். டொரன்டோவில் பள்ளியிலேயே இந்த ஆட்டத்தை ஆடியவன். பந்து எறியும் கை அருமையான கை.

அணிகள் கோட்டில் வந்து நின்றபின், எதிராளி நிற்கும் விதத்தைப் பார்த்துக் கடைசி நொடியில் ரூட்டை மாற்றுவது உண்டு. குவார்ட்டர்பேக் கத்திச் சொல்வார். கடைசியாகக் காதில் விழுந்த சொல்லே செல்லும். இந்தச் சங்கேதச் சொற்கள் ஒரே லீகில் திரும்பத் திரும்ப ஆடும்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அபுதாபி அணிக்கு இவர்களுடையது முழுக்கத் தெரிந்திருந்தது.

"அரபியில சொன்னா ரெஃப்ரீக்கும் விளங்கும். ஹிந்தியில சொன்னா கேட்டில நிக்கிற செக்யூரிட்டிக்கும் விளங்கும்," என்றான் சேந்தன். "தமிழில சொல்லுவம் அண்ணை. உவங்கட டீமில ஒருத்தனுக்கும் தெரியாது."

இரண்டு சொற்கள் போதும் என்று முடிவாயிற்று. 'போ' என்றால் நிற்காமல் நேராக எல்லைவரை. 'வா' என்றால் அதே வேகத்தில் ஓடிப்போய், சட்டென்று நின்று திரும்பி, பந்தை நோக்கி வருவது. வெஸ் ஒரே மாலையில் பழகிக்கொண்டார்.

இதைக் கேட்டு முகம் சுளித்தவர் ஒருவர்தான். முருகேசன். அரியலூர்ப் பக்கம். மைதானத்துக்குக் கோடு போடுவது, போஸ்ட் நடுவது, ஆட்டத்தன்று கோட்டோரத்தில் டவுன் மார்க்கரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் டூட்டி. டவுன் மார்க்கர் என்பது எத்தனையாவது டவுன் என்று காட்டும் எண் பொருத்திய கம்பு. பயிற்சி முடிந்ததும் வெஸ்ஸுக்கு டென்னிஸ் பந்துகளை எறிந்து கேட்ச் கொடுப்பதும் அவர்தான். அது டூட்டியில் சேராது.

"என்ன சார் இது, ஒரு மனுசன மொட்டையா போ போன்னு வெரட்டிக்கிட்டு," என்றார் என்னிடம். "நாய வெரட்டுற மாதிரி இருக்கு."

"அது கோட் வேர்டு முருகேசன்."

"கோடோ கீடோ. காதுல விழுதுல்ல."

முருகேசனிடம் ஒரு வழக்கம். பயிற்சி முடிந்து வெஸ் காரில் ஏறும்போது, "போயிட்டு வா தம்பி" என்பார். வெஸ்ஸும் கற்றுக்கொண்டு, "போய்ட்டு வாரேன் அண்ணா" என்று தன் நாக்குக்கு வந்தபடி சொல்லுவார். தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் ஏறுகிறவன், லீவில் ஏர்போர்ட் போகிறவன், பக்கத்துக் கடைக்கு டீ வாங்கப் போகிறவன், எல்லோருக்கும் முருகேசனிடம் அந்த ஒரே வார்த்தைதான்.

தமிழ்ச் சொற்களை முதலில் அபுதாபி மைதானத்தில் ஆடிய ஆட்டத்தில் பயன்படுத்தினார்கள். பிரமாதமாக வேலை செய்தது. அங்கே மார்க்கர் பிடித்தது வேறு ஆள்.

மூன்றாவது டவுன்

இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில். அதே அபுதாபி அணி. மாலையிலிருந்தே காற்று. மேன்லிஃப்ட் ஆடிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய அணியின் ஆள் கேலரியில் உட்காராமல், வேலியில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். யாருக்கும் கை தட்டவில்லை.

முதல் மூன்று குவார்ட்டரில் வெஸ்ஸுக்குப் பந்து வரவே விடவில்லை. இரண்டு பேரை அவர்மேல் போட்டு மறித்தார்கள். நான் அவ்வப்போது ஃபிரேமை விட்டு வேலியோரத்து ஆளைத்தான் பார்த்தேன். ஒரு தடவை அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எங்கள் அணி நான்கு புள்ளி பின்னால். எல்லையைத் தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி; இல்லையென்றால் ஒன்றுமில்லை. மூன்றாவது டவுன். வெஸ் என் பக்கத்துக் கோட்டோரத்தில் வந்து நின்றார். அவருக்கு நேர் பின்னால், கோட்டுக்கு வெளியே, மார்க்கருடன் முருகேசன். அவரை மறித்த இருவரில் ஒருவன் நடுவுக்கு நகர்ந்துவிட்டதை மேலேயிருந்து நான் பார்த்தேன். சேந்தனும் பார்த்துவிட்டான்.

"போ! போ!"

மேன்லிஃப்ட்வரை கேட்டது. பந்து சேந்தன் கைக்கு வந்தது. வெஸ் முதல் இரண்டு தப்படியிலேயே மறித்தவனைத் தாண்டிவிட்டார். சேந்தன் நீளமாக எறிந்தான். எறிந்த பந்து மேலே இருக்கும்போதே வெஸ் நின்றார். நின்று, திரும்பி, பந்து வராத திசையில் கை நீட்டினார். அவர் தலைக்கு மேலே போன பந்து, எல்லைக்குள் ஆளில்லாத புல்லில் விழுந்து துள்ளியது.

மைதானம் ஒரே குரலில் மூச்சு விட்டது. கோச் தொப்பியைத் தரையில் அடித்தார். வேலியோரத்து ஆள் கட்டிய கையைப் பிரித்து, போனில் ஏதோ தட்டினார். நானும் தட்டினேன். நான் தட்டியதுதான் மேலே முதலில் கொடுத்த குறிப்பு.

இனி வருவது நான் கேட்டதல்ல. முருகேசனும் வெஸ்ஸும் தனித்தனியே என்னிடம் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகின்றன.

"சேந்தன் தம்பி போ போன்னு கத்துச்சா, எனக்கு என்னமோ பண்ணிச்சு சார்," என்றார் முருகேசன். "அந்தப் புள்ள வாழ்க்கையே அந்த ஓட்டத்துல இருக்கு. அவனப் போய் மொட்டையா போன்னா? வாய் தானா வந்துருச்சு. போயிட்டு வான்னேன். மெதுவாத்தான் சொன்னேன்."

"தூரத்துல இருந்து 'போ' கேட்டது," என்றார் வெஸ். "அப்புறம் பக்கத்துல இருந்து 'வா' கேட்டது. மாத்திட்டாங்கன்னு நினைச்சேன். கடைசி சொல்தானே செல்லும்."

கோட்டோரத்துக்குத் திரும்பி நடந்து வரும்போது வெஸ் முருகேசனைப் பார்த்தார். முருகேசன் முகம் வெளிறிப்போய் நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் என்ன நடந்தது என்று வெஸ்ஸுக்குப் புரிந்தது.

நான்காவது

பந்து அதே இடத்தில். ரிசீவர் அதே இடத்தில். மார்க்கர் அதே இடத்தில், எண் மட்டும் நான்கு. கடைசி வாய்ப்பு.

ஜூமில் நான் பார்த்தது இது: முருகேசன் ஒரு கையால் மார்க்கரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வாயைப் பொத்தியிருந்தார். சேந்தன் மறுபடியும் "போ" என்றான். இம்முறை அவன் குரலில் கோபம் இருந்தது. வெஸ் தலையைச் சற்றுத் திருப்பி, முருகேசனைப் பார்த்து எதையோ சொன்னார். ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் உதடு அசைந்தது தெரிந்தது. சொன்னது இது என்று முருகேசன் பிறகு என்னிடம் சொன்னார்:

"போய்ட்டு வாரேன் அண்ணா."

ஓடினார். போன தடவை நின்ற அதே இடத்துக்கு வந்ததும் அரை நொடி காலை ஊன்றினார். மறித்தவன் முன்பு பார்த்ததை வைத்து, இவர் நிற்கப்போகிறார் என்று தானும் ஊன்றித் திரும்பினான். வெஸ் நிற்கவில்லை. பந்து காற்றில் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போயிற்று. தாமதமாகத் துரத்தியவன் கையில் வெஸ்ஸின் சட்டை முனை இருந்தது. அந்த நிலையில் ஒரு கையால் வாங்கி, மார்பில் அணைத்து, எல்லைக்குள் விழுந்தார்.

ஆட்டம் அதோடு முடிந்தது. நான் அழுத்த வேண்டிய பட்டனை அழுத்தாமல் மேலும் சில நிமிடங்கள் வெறும் புல்லைப் படம்பிடித்தேன்.

கேள்வி

கீழே இறங்கினேன். ஐரோப்பிய அணியின் ஆள் வெஸ்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். வாழ்த்துச் சொல்லவில்லை.

"நாலாவதை எல்லாரும் பார்த்தாங்க. எனக்கு மூணாவதுதான் வேணும். தப்பு உன்னோடதா, குவார்ட்டர்பேக்கோடதா?"

"என்னோடது," என்றார் வெஸ்.

"எங்க கிட்ட ரூட்டை மறக்கிறவன் அடுத்த விமானத்துல வீட்டுக்குப் போவான்."

"தெரியும்."

சேந்தன் இடையில் புகுந்தான். "நான் சரியாத்தான் கத்தினனான். ஏன் நிண்டனி?" என்று பாதி தமிழில் வெஸ்ஸைக் கேட்டான். மார்க்கர் பிடிக்கிறவர் ஆட்டக்காரரிடம் வாய் திறக்கக் கூடாது என்பது லீகின் விதி. உண்மையைச் சொன்னால் முருகேசனின் டூட்டி போகும் என்று வெஸ்ஸுக்குத் தெரியும்.

முருகேசன் மார்க்கரைக் கீழே போட்டுவிட்டு வந்தார். அன்சாரி பாய் முழங்கையைப் பிடித்து இழுத்தும் முருகேசன் நிற்கவில்லை.

"சார். மிஸ்டேக் மை. ஐ டாக். ஹி மாஃபி மிஸ்டேக்." மாஃபி என்றால் அரபியில் இல்லை.

அந்த ஆள் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கோட்டோரத்தில் என்ன சொன்னார் என்று முருகேசனிடமே சேந்தன் கேட்டான். பதில் காதில் விழுந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயோ அண்ணை. எங்கட அம்மாவும் அப்பிடித்தான். ஒருநாளும் 'போ' எண்டு சொல்லமாட்டா. 'போட்டு வா' எண்டுதான் சொல்லுவா. நான் அதை யோசிக்கேல்லையே."

பிறகு ஆங்கிலத்தில் அந்த ஆளுக்கு விளக்கினான். எங்கள் மொழியில் புறப்படுகிறவரைப் போ என்று மட்டும் சொல்லமாட்டோம், திரும்பி வா என்பதையும் சேர்த்துத்தான் சொல்லுவோம் என்று. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்குக் காலைக்குள் இரண்டு கிளிப்பும் வேணும்," என்று என்னிடம் சொன்னார். "குறிப்போட."

அன்சாரி பாய் அவர் போகும்வரை காத்திருந்தார். பிறகு முருகேசனிடம், "அரியலூர்லருந்து வந்து அமெரிக்காக்காரனுக்கு ரூட் போட்டுக் குடுக்கிறியா நீ? நாளையிலருந்து பெயின்ட் டப்பாவோட நில்லு, கம்பைத் தொடாத," என்றார். அவ்வளவுதான். லீகுக்கு எழுதவில்லை.

குறிப்புக் கட்டம்

அறைக்கு வந்து கிளிப்பைத் திறந்தேன். "தவறான ரூட்" என்று எழுதியிருந்தது. ரூட் தவறா? அவருக்குச் சொன்ன ரூட்டைத்தான் ஓடினார். நான் பார்த்தது அவர் நின்றதை. தவறு என்பது நான் பார்த்ததல்ல, நானாகச் சேர்த்தது. அதை அழித்தேன்.

அடுத்து என்ன எழுதுவது? வெஸ் போன் செய்து, "முரு அண்ணா பேரைப் போடாதீங்க," என்றார். முருகேசன் கேம்பிலிருந்து போன் செய்து, "என் பேரைப் போட்டே எழுதுங்க சார், அந்தப் புள்ள டயர் கடைக்குப் போகக் கூடாது," என்றார். இரண்டு பேருக்கும் சரி என்றேன். கடைசியில் எழுதியது இது: "ரிசீவர் இரண்டு சொற்களைக் கேட்டார். சொன்னவர் இருவர். விதிப்படி பின்னதை ஓடினார்."

அனுப்பிய பிறகு மூன்று வாரம் பதிலில்லை. வெஸ் பயிற்சிக்கு வந்தார், கேட்ச் எடுத்தார், யாரிடமும் கேட்கவில்லை. சேந்தன் எறியும்போது கத்துவதை நிறுத்திவிட்டான். ஏப்ரலில் ஒரு பிற்பகல் வெஸ் மைதானத்துக்கு வந்து, கோடு போட்டுக்கொண்டிருந்த முருகேசன் முன்னால் போனை நீட்டினார். பயிற்சி முகாமுக்கு அழைப்பு. இடம் உறுதி கிடையாது, முகாமில் பார்த்துச் சொல்வார்கள். முருகேசன் ஆங்கிலத்தைப் படிக்க முடியாமல் என்னைப் பார்த்தார். "கூப்பிட்டிருக்காங்க," என்றேன். பெயின்ட் கையோடு அவர் வெஸ்ஸின் தோளைத் தட்டியதில் சட்டையில் வெள்ளைக் கறை விழுந்தது.

அந்த முகாமில் வெஸ் தேறினார். இது இரண்டாவது சீசன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். லென்ஸில் தெரிந்ததை எழுதுங்கள். காதில் விழுந்ததைத் தனியாக, யார் சொன்னது என்று குறித்து எழுதுங்கள். தவறு, சரி என்று எழுதும் வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை. "காரணம் தெரியவில்லை" என்று எழுத நேர்ந்தால் வெட்கப்படாதீர்கள். அன்று நான் எழுதியதில் நின்றது அந்த வாக்கியம் ஒன்றுதான்.

வெஸ்ஸின் ஆட்டங்கள் இணையத்தில் வருகின்றன. சனிக்கிழமைகளில் முருகேசன் டூட்டி முடிந்து என் அறைக்கு வந்து பார்ப்பார். போன மாதம் ஓர் ஆட்டத்தில், பந்து கிளம்புமுன், வெஸ் தலையைத் திருப்பிக் கோட்டோரத்தில் மார்க்கர் பிடித்திருந்த வெள்ளைக்காரரைப் பார்த்து உதட்டை அசைத்தார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா சார்? போய்ட்டு வாரேன்னு சொல்லுது."

நிறுத்தி, மெதுவாக ஓட்டி, பெரிதாக்கிப் பார்த்தேன். ஒலியில் கூட்டத்தின் இரைச்சல் மட்டுமே இருக்கிறது. உதட்டசைவு ஹெல்மெட் கம்பியால் பாதி மறைகிறது. வெஸ்ஸிடம் கேட்டு எழுதினேன். "அப்படியா? கவனிக்கலை," என்று மட்டும் பதில் போட்டார். முருகேசனுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கிளிப்பின் குறிப்புக் கட்டத்தில் நான் எழுதி வைத்திருப்பது: "ரிசீவர் ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்பது உறுதிசெய்யப்படவில்லை."